தலை முதல் கால் வரை பூ

ஆபத்து நேரத்தில் வாயை அடக்கத் தெரிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பேராச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே மகள் இசக்கியம்மாள் முகமெல்லாம் வீங்கி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முத்தாரம்மனிடம் வாய்விட்டுச் சொன்னாள்: "தாயே, என் புள்ளைய உசுரோட குடுத்துரு. வாற கொடைக்கு அவள தலையிலருந்து காலு வரைக்கும் பூவால மூடி ஒன் முன்னால கொண்டாந்து நிறுத்துதேன்."

வேறு எதை நேர்வாள், பாவம்? தாராவியில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து, மாட்டுங்கா கோயில் வாசல் கடைகளுக்குப் பூ கட்டிக் கொடுக்கிறவள். ஒருத்தி முடியை நேர்வாள், ஒருத்தி தீச்சட்டி நேர்வாள். இவள் கையில் இருந்தது பூ, அதை நேர்ந்தாள். அம்மனும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள் போலிருக்கிறது, பிள்ளை பிழைத்தது.

டாக்டர் வெளியே வந்தார். இளவட்டம், தூக்கம் கெட்ட கண். பிள்ளையின் உடம்பு தேனீயின் விஷத்தை ஏற்காது, இன்னொரு தடவை கொட்டினால் இதைவிட வேகமாகப் போய்விடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரக்கூட நேரம் இருக்காது என்று இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஃபூல் கே பாஸ் மத் ஜானே தேனா." பூவுக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள் என்கிறார். பேராச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. தேனீ வந்தது அவள் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த துளசிக்கு. கொட்டியது பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளை. எது பிள்ளையைக் கொல்லப் பார்த்ததோ அதை வைத்தே பிள்ளையை மூடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். சொன்னதை வாபஸ் வாங்க அம்மன் என்ன மூலைக்கடையா?

வீட்டுக்கு வரும்போது மருந்தும் கூட வந்தது. சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு சிரிஞ்சு. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் சிரிஞ்சின் மேல் நீலப் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். குப்பியின் கழுத்தை ஒடித்து, கோடு வரைக்கும் உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கம் துணிக்கு மேலேயே குத்த வேண்டும், யோசிக்கவே கூடாது. பேராச்சி மோசம்பி என்கிற சாத்துக்குடிப் பழத்தில் தண்ணீரைக் குத்திக் குத்திப் பழகினாள். குத்துப்பட்ட பழங்களை எல்லாம், குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சுடலைக்கண்ணன் தின்று தீர்த்தான்.

பூ வேலையை மறுநாளே வீட்டைவிட்டு வெளியேற்றினாள். மாட்டுங்காவில் கடைக்காரரின் படியிலேயே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாள். வீட்டில் பூ வாசத்தின் தடம்கூட இருக்கக்கூடாது என்று தரையை பினாயில் விட்டுத் தேய்த்தாள். அப்படியும் தேனீக்கள் வந்தன. காலை ஒன்பது மணி வாக்கில், பழைய பூக்கூடை இருந்த மூலைக்கு நேராக வந்து, காலி இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசலில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் ஓரமாகத் திரும்பிப் போயின. பேராச்சி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். இசக்கி கொசுவலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைப் பார்த்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள். வீட்டில்தான் அவள் இசக்கி, பள்ளியில் ஈஷா. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, இங்கிலீஷில் எதைக் கொடுத்தாலும் கரைத்துக் குடித்துவிடுவாள்.

"யம்மா, அது இப்ப வாசத்துக்கு வரல. ஞாபகத்துல வருது."

"ஈக்கு ஏதுட்டி ஞாபகம்?"

"ஏன், இருக்கக் கூடாதா? நேத்து ஒம்போது மணிக்கு இங்க தேன் கெடச்சிருந்தா இன்னைக்கும் ஒம்போது மணிக்கு கரெக்டா வரும். தூரத்துல இருக்கும்போது காத்துல வாசத்தப் புடிச்சி வரும். கிட்ட வந்தா கலர் பாக்கும். நமக்குத் தெரியாத கோடெல்லாம் பூவுல அதுக்குத் தெரியும், ரன்வே மாதிரி. ஒருக்கா கண்டுபிடிச்சிட்டுன்னு வையி, கூட்டுக்குப் போயி டான்ஸ் ஆடி மத்ததுக்கும் அட்ரஸ் குடுத்துரும். சூரியனுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், பூரா சொல்லிரும்."

"அப்ப இங்க வார வழிய அது எப்பிடி மறக்கும்?"

"அந்த ப்ளூ தார்ப்பாய் இருக்குல்லா, அதுதான் அதுக்கு நிஷான், அடையாளம். அத மொதல்ல மாத்து. சிவப்பு போடு. சிவப்பு அதுக்குத் தெரியாது, கருப்பு மாதிரிதான் இருக்கும்."

தன்னைக் கொல்லக் கூடியதைப் பற்றி இந்த அளவுக்குப் படித்து வைத்திருக்கிற பிள்ளை அந்தச் சந்தில் வேறு கிடையாது. பேராச்சிக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சிவப்புத் தார்ப்பாய் கட்டினாள். வீட்டில் யாராவது கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டார்களா என்று சந்துக்காரர்கள் கேலி பண்ணினார்கள். கொஞ்ச நாள் தேடிப் பார்த்துவிட்டு, தேனீக்கள் அந்த வீட்டைத் தலைமுழுகின.

தேனீ மறந்தது. அம்மன் மறப்பாளா? சித்திரையில் நடக்கும் கொடைத் திருவிழாவுக்குத் தாராவி முத்தாரம்மன் கோயில் வாசலில் பந்தக்கால் நாட்டி மஞ்சள் துணி கட்டிய அன்று பேராச்சிக்குச் சோறு இறங்கவில்லை. நேர்ந்துவிட்டுச் செய்யாமல் போனவர்களின் கதை தாராவியில் சந்துக்கு ஒன்று உண்டு. எல்லாக் கதையிலும் கடைசியில் ஒரு பிள்ளை நோயில் படுக்கும். வருஷம் முழுக்க இசக்கிக்கு ஒரு தும்மல் வந்தால்கூட இவளுக்கு அந்தக் கதைகள்தான் ஞாபகம் வந்தன.

"நேந்தது நேந்ததுதான்," என்றான் சுடலைக்கண்ணன். "குடுத்தவளுக்கு எடுக்கத் தெரியாதாட்டி?"

அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான். ஆனால் அதை அவன் வாயால் கேட்டபோது, கையில் இருந்த கரண்டியால் அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது. "பூவோட நிறுத்துனா ஈ வரும். நிறுத்தலன்னா அம்மன் வருவா," என்றாள். "நடுவுல நான் எங்கிட்டுப் போவேன், சொல்லுங்க." அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஆம்பிளைகளுக்கு அந்த வசதி எப்போதும் உண்டு.

அவள் கோயில் தலைவர் கோமதிநாயகத்தைத் தேடிப் போனாள். பழைய இரும்பு வாங்கி விற்கிற மனிதர். கடை வாசலில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, பிளாஸ்டிக் பூ வச்சிக்கிடலாமா? இப்பல்லாம் நெசப் பூ கணக்காவே வருதுல்லா."

"அம்மன் என்ன மால்ல நிக்க பொம்மையா, தாயி?"

"அப்ப நான் நிக்கேன். அவளுக்குப் பதிலா என்னைய மூடிக்கிடுதேன். முள்ளால வேணும்னாலும் மூடிக்கிடுதேன்."

"யார நேந்த?"

"புள்ளைய."

"அப்புறம்?"

பேராச்சி அங்கேயே, இரும்புத் துருவில், உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தால் நிற்காது என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். கோமதிநாயகம் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அவருக்கும் பேத்திகள் உண்டு. தாடையைச் சொறிந்தபடி கேட்டார்.

"இன்ன பூன்னு சொல்லி நேந்தியா?"

"இல்ல அண்ணாச்சி. பூன்னுதான் சொன்னேன்."

"இன்ன நேரம்னு?"

"கொடைக்குன்னேன். நேரம் சொல்லல."

"அப்ப மத்தியானம் உச்சிக் கொடைக்குக் கொண்டாராண்டாம். பொழுது சாஞ்ச பெறவு கொண்டா. பூவு எதுங்கறது ஒன் இஷ்டம். அவ்வளவுதான் நான் குடுக்க முடியும். மிச்சத்த அவகிட்டதான் கேக்கணும்."

மூழ்கப் போகிறவளுக்கு அது போதாதா? அன்று ராத்திரி அம்மாவும் மகளும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பூக்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். அம்மாவுக்குப் பூ விரலில் தெரியும், மகளுக்குப் போனில் தெரியும். துளசியின் பெயரையே எடுக்கக் கூடாது. நாட்டு ரோஜா வேண்டாம். கேந்தி என்கிற செண்டுமல்லி மஞ்சளாக, மகரந்தம் மண்டிக் கிடப்பது. காலையில் பூ மார்க்கெட்டில் கேந்திக் குவியலின் மேல் தேனீ மொய்ப்பதைப் பேராச்சியே பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லவே வேண்டாம்.

"செவ்வரளி?"

"ஓகே. சிவப்பு தெரியாது. அதுல தேனே கெடையாதாம். பூச்சிய ஏமாத்துற பூவு அது."

"மல்லி?"

"மொட்டா இருந்தா ஓகே. மல்லி தேனீக்காகப் பூக்கல, யம்மா. ராத்திரி வருதுல்ல அந்துப்பூச்சி, அதுக்காகப் பூக்குது. இருட்டுல தெரியணும்னுதான் வெள்ளையா இருக்கு. இருட்டுனாத்தான் வாசமும் விடும். அது வாயத் தெறக்க நேரத்துல தேனீ கூட்டுல போயி படுத்திருக்கும்."

இத்தனை வருஷமும் பூ சாமிக்கும் பெண்பிள்ளை தலைக்கும்தான் மலர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள் பேராச்சி. அது ஒரு பூச்சியைக் கூப்பிடத்தான் இவ்வளவு வாசமும் வெள்ளையும் காட்டுகிறது என்று கேட்டபோது, கூடவே இருந்து குழிபறித்த சொந்தக்காரி மேல் வருகிற கோபம் அவளுக்குப் பூவின் மேல் வந்தது. இந்த ஊரில் தேனீ, அந்துப்பூச்சி, வவ்வால் என்று அத்தனைக்கும் வழி தெரிகிறது. தன் பிள்ளையை நோக்கி வருகிற வழியை மட்டும் அடைக்க முடியவில்லையே என்று நெஞ்சு கொதித்தது.

"எனக்குப் பயமாருக்கும்மா," என்றாள் இசக்கி. "நிக்காம இருந்தா என்ன ஆகும்?"

பேராச்சி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம். சொல்ல நாக்கு எழவில்லை.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "சரி, நிக்கேன். நீ டெய்லி ராத்திரி எந்திரிச்சி எந்திரிச்சி ஒக்காந்திருக்க. அது முடிஞ்சா போதும். ஆனா இதுதான் லாஸ்ட், யம்மா."

சொந்தபந்தம் எல்லோருக்கும் பேராச்சி போன் போட்டாள். கொடைக்கு வருகிறவர்கள் யாரும் பூ கொண்டுவர வேண்டாம், தலையில்கூட வைத்து வர வேண்டாம். செம்பூரில் இருக்கும் சுடலைக்கண்ணனின் அக்கா மாலதியிடம் சொல்லும்போதுதான் இழுபறியாகிவிட்டது. வேண்டுதலுக்கு நிற்கிற பிள்ளைக்கு அத்தை மாலை போட வேண்டும், அது முறை.

"அத்த மாலை இல்லாம ஒரு புள்ள அம்மன் முன்னால நிக்குமாட்டி? நாலு பேரு என்ன பேசுவாவ?"

"மதினி, ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன். மாலை வேண்டாம். ஈ வந்துரும்."

"சரி சரி," என்றாள் மாலதி. அந்தச் சரியில் வருத்தம் இருந்தது. பேராச்சி அதைக் கவனித்தாள். கவனித்தும், வருத்தப்பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொடையன்று மதியமே மொட்டு வந்தது. விறைத்த பச்சை மொட்டாகப் பொறுக்கி எடுத்து, நெருக்கமாகக் கட்டி, வலைபோலப் பின்னினாள். பேராச்சி கட்டிய பூ உதிராது, அவள் போட்ட முடிச்சு அவிழாது என்று மாட்டுங்காவில் பெயர். அன்று ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போட்டாள். ஒரு மொட்டு உதிர்ந்தாலும் மூடியது குறைந்துவிடும், குறைந்தால் அம்மன் குறை சொல்லுவாள். இசக்கியை வாசமில்லாத சோப்புப் போட்டுக் குளிக்க வைத்து, பழைய பாவாடை சட்டைக்கு மேலே தலையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கட்டினாள். ஓரமெல்லாம் செவ்வரளி. முகம் மட்டும் தெரிந்தது. சிரிஞ்சும் குப்பியும் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொழுது கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியபிறகு கிளம்பினார்கள். நையாண்டி மேளம் சந்து முழுவதையும் அதிர வைத்தது. பேராச்சி மகளுக்குப் பக்கவாட்டில் நடந்தாள். அவள் கண் அம்மனைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, காற்றைத்தான் பார்த்தது. ஒரு ஈ வந்தது, வெறும் சாக்கடை ஈ. டியூப்லைட்டைச் சுற்றி ஏதோ பூச்சி பறந்தது, அதுவும் தேனீ இல்லை. கோயில் வாசல் வந்தது. பூசாரி இசக்கியை மட்டும் அம்மனுக்கு நேராக நிறுத்தினார், பேராச்சி மேளக்காரர்களுக்கு அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டியதாயிற்று. ஒரு தீபாராதனை முடிந்தால் போதும், கடன் தீர்ந்தது. மொட்டுகள் இன்னும் வாய் திறக்கவில்லை. வருஷம் பூரா நெஞ்சில் கிடந்த பாறாங்கல் லேசாக அசைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாலதி வந்தாள். கையில் பெரிய பிளாஸ்டிக் பை. பைக்குள்ளிருந்து புஜம் பருமனுக்கு ஒரு கேந்தி மாலையை எடுத்து, "என் ராசாத்தி" என்று மருமகளின் கழுத்தில் போட்டு, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பேராச்சி ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"என்ன மதினி செஞ்சீய! படிச்சிப் படிச்சிச் சொன்னேனே!"

"பதறாதட்டி. எனக்கு மட்டும் பாசம் இல்லியா? காலையிலயே தாதர் பூ மார்க்கெட்டுல வாங்கி, நேரா கொண்டாந்து பிரிட்ஜுல வச்சிப் பூட்டிட்டேன். இப்பதான் எடுத்தேன். ஒரு ஈ எறும்பு அண்டல. தொட்டுப் பாரு, ஐஸா இருக்கு."

பேராச்சி தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அவள் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. பொழுது அடைந்துவிட்டது. குளிரில் வாசம் அமுங்கிப்போயிருக்கிறது. மஞ்சள் தெரிகிற வெளிச்சமும் இல்லை. பழகின இடமும் இல்லை. தேனீ எந்தெந்த வழியாக வரும் என்று அம்மாவும் மகளும் படித்த படிப்பில் இந்த மாலைக்கு வந்து சேர ஒரு வழியும் இல்லை. பூசாரி அடுக்குத் தீபத்தை எடுத்துவிட்டார். இப்போது மாலையைக் கழற்றினால் மதினிக்கு அவமானம், அம்மனுக்கும் அபசகுனம். ஒரு நிமிஷம்தானே என்று விட்டுவிட்டாள்.

வரப்போகிற தேனீயைப் பற்றித்தான் அத்தனை யோசனையும். காலையிலேயே வந்துவிட்ட தேனீயை யார் யோசித்தார்கள்? மார்க்கெட்டில் கேந்திப் பூவுக்குள் தலையைக் கொடுத்துத் தேன் குடித்துக்கொண்டிருந்தது, மாலையோடு சேர்ந்து பைக்குள் போய், பிரிட்ஜுக்குள் போய், குளிரில் விறைத்து நாள் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது. அதை இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது அத்தையின் பாசம்.

இசக்கியின் உதடு அசைந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மட்டும் கீழே காட்டினாள். பேராச்சி பார்த்தாள். மகளின் கழுத்துச் சூட்டில் உயிர் வந்து, மஞ்சள் இதழ்களுக்குள்ளிருந்து அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பறக்க முடியவில்லை, இறக்கையை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, படித்தபடியே, ஆடாமல் நின்றது. பேராச்சி கையை நீட்டினாள். விரலில் ஏற்றிக்கொள்ளலாம், கொட்டினால் தன்னைக் கொட்டட்டும். அவசரப்படக் கூடாது, அவசரப்படக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையை மெதுவாகக் கொண்டுபோனாள். விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பூ அகலம் இருந்தபோது தீபம் உயர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பின்னால் இருந்த கூட்டம் அம்மன் முகத்தைப் பார்க்க ஒரு அலையாக முன்னால் சாய்ந்தது. மாலை இசக்கியின் கழுத்தோடு அழுந்தியது.

"யம்மா," என்றாள் இசக்கி. அது கேட்டது.

பேராச்சி மாலையைப் பிய்த்து எறிந்தாள். கொடுக்கை நகத்தால் வழித்துத் தள்ளினாள். அதற்குள் கழுத்தில் தடிப்பு ஏறிவிட்டது, உதடு பருத்தது, பிள்ளை இருமிக்கொண்டே முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்தது. பேராச்சி இடுப்பிலிருந்து கூட்டை எடுத்துக் குப்பியின் கழுத்தை ஒடித்தாள். விரல் கிழிந்தது, அதைப் பார்க்கவில்லை. நீலக் கோடு வரைக்கும் உறிஞ்சினாள். தொடையைத் தேடினாள்.

தொடை பூவுக்குள் இருந்தது. கையால் இழுத்தாள், வரவில்லை. முடிச்சைத் தேடி அவிழ்த்தாள், அவிழவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு தடவை போட்ட முடிச்சு. ஒரு பூ உதிரவில்லை. அட பாவி, இவ்வளவு இறுக்கியா கட்டுவாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள், நாய் எலும்பைப் பறிக்கிற மாதிரி இழுத்தாள். வாயெல்லாம் பச்சை மொட்டும் அரளிக் கசப்பும். இசக்கியின் மூச்சு கீச்சென்று விசிலடித்தது. இரண்டு சரம் அறுந்து பாவாடைத் துணி ஒரு கையகலம் தெரிந்தது. அந்த இடத்தில் ஊசியை முழுக்க இறக்கி அழுத்திப் பிடித்தாள்.

மேளம் நின்றுபோயிருந்தது. மாலதி தலையில் அடித்துக்கொண்டு அம்மனைப் பார்த்து ஓலமிட்டாள்: "தாயே, என் பாவத்த மன்னிச்சிரு! புள்ளைய எந்திரிக்க வையி, நான் தீச்சட்டி…"

"கெடா வெட்டுதேன்மா, கருங்கெடா…" என்று சுடலைக்கண்ணன் இந்தப் பக்கம் கும்பிட்டு விழுந்தான்.

பேராச்சிக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என்னத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், கண்ணை எடுத்துக்கொள், கையை எடுத்துக்கொள் என்று உள்ளே ஒருத்தி கதறிக்கொண்டிருந்தாள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் கரித்தது.

"வாய மூடுங்க எல்லாரும்!" என்று கத்தினாள். கோயில் ஓடு அதிர்ந்தது. "ஒருத்தரும் எதையும் நேரக் கூடாது! சொல்லிட்டேன், ஒருத்தரும் நேரக் கூடாது! போயி டாக்சியக் கூப்பிடுங்க!"

சுடலைக்கண்ணன் தரையிலிருந்து எழுந்து, வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தான். பிறகு ஓடினான். கோமதிநாயகம் கூட்டத்தைக் கையால் விலக்கி வழி உண்டாக்கினார். பூசாரி ஏந்திய தட்டு ஏந்தியபடியே நின்றார். பேராச்சி ஒரு தடவைகூட அம்மன் பக்கம் திரும்பிப் பார்க்காமல், பாதி அறுந்த பூவோடு மகளைத் தூக்கிக்கொண்டு சந்து வழியே நடந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, என்ன கனம்.

டாக்சி ரோட்டைத் தாண்டுவதற்குள் இசக்கியின் மூச்சில் இருந்த விசில் சத்தம் இறங்கியது. பேராச்சி முதலில் அதை நம்பவில்லை. காதைப் பிள்ளையின் வாயோடு வைத்துக் கேட்டாள். மூச்சு கரகரத்தது, ஆனால் போவதும் வருவதும் நிற்கவில்லை. மருந்து ஏறிய வேகத்தில் இசக்கிக்குக் கைகால் எல்லாம் வெடவெடவென்று நடுங்கின. இதயம் சட்டைக்கு மேலே துடிப்பது தெரிந்தது. முன் சீட்டில் சுடலைக்கண்ணன் டிரைவரிடம் "ஜல்தி, பாய், ஜல்தி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பேராச்சி மகளின் உடம்பில் மிச்சமிருந்த சரங்களைப் பிய்த்துப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

சிக்னலில் வண்டி நின்றபோது இசக்கி கண்ணைத் திறந்தாள். இமை இன்னும் வீங்கித்தான் இருந்தது. அம்மாவின் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"யம்மா."

"பேசாதட்டி. மூச்ச விடு."

"இப்ப எனக்காக எதாச்சும் நேந்துட்டியா?"

"இல்ல."

"சச்சி? நெசமாவா?"

"சச்சி. ஒண்ணும் நேரல. ஊசி மட்டுந்தான் போட்டேன்."

இசக்கி அந்த முகத்தைப் பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்தது.

"அப்ப பொழச்சிக்கிடுவேன்," என்று சொல்லிவிட்டு அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.